மாளிகைமேடு

மாளிகைமேடு என்பது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் சிவன் கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டை என்னும் ஊரில் அமைந்துள்ள தொல்லியல் களமாகும். சோழர் அரண்மனையின் அடித்தளங்கள் இங்கே கிடைத்துள்ளன.

வரலாறு

முதலாம் இராசேந்திரன் (ஆட்சிக்காலம் 1014–1044) ஏறத்தாழ 1025 இல் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து இங்கு மாற்றினான். 1279 வரை சோழரின் தலைநகராக இது விளங்கியது. சோழகேரளன் திருமாளிகை, கங்கைகொண்ட சோழன் மாளிகை ஆகிய பெயர்கள் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. எனவே ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகள் இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் முதலிய சுற்றுப்புற ஊர்ப்பெயர்கள் பழைய நகரை நினைவூட்டுகின்றன.

அகழாய்வு

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-81 இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் பல கட்டங்களாகத் தொடர்ந்து, 2021 இல் மீண்டும் மேற்கொண்டது. செங்கற்சுவர்கள், ஏராளமான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் ஓடுகள் ஆகியன கிடைத்தன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழநாட்டுத் தூதுக்குழுக்கள் சீனம் சென்றமை அறியப்பட்ட செய்தி. அவ்வுறவை இப்பீங்கான்களோடு சேர்த்து நோக்கலாம்.

கட்டட அமைப்பும் அழிவும்

கோயில் கருங்கல்லால் ஆனது. அரண்மனையோ சுட்ட செங்கல், மரம், ஓடு ஆகியவற்றால் கட்டப்பட்டது. கருங்கல் பீடங்களின் மீது மரத்தூண்கள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மரம் மக்கிப்போயிற்று. செங்கற்களைப் பிற்காலத்தவர் வீடு கட்டுவதற்குப் பெயர்த்துச் சென்றனர். கல்லும் முற்றிலும் தப்பவில்லை: 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டக் கோயில் மதிலின் கற்கள் எடுக்கப்பட்டன. ஆயினும் வழிபாடு தொடர்ந்த கோயில் நிலைத்து, 2004 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

ஒப்பீடு

கிரேக்கத்தின் டெலோசு தீவில் நிலைமை வேறு. அங்கே அப்பல்லோ திருத்தலத்தை அடுத்திருந்த வீடுகள் கல்லால் கட்டப்பட்டவை. ஆகவே அவற்றின் சுவர்களையும் வண்ணக்கல் பதித்த தளங்களையும் இன்றும் காணலாம். கோயில்கள் இடிபாடுகளாகவே உள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்தில் இறைவனின் இல்லம் நிற்கிறது; அதைக் கட்டிய மன்னனின் இல்லத்தையே மண்ணுக்கடியில் தேட வேண்டியுள்ளது. ஆதலால், எஞ்சிநிற்கும் கோயில்களை மட்டும் கொண்டு சோழர்கால வாழ்வை அளவிட இயலாது. ஓட்டுத் துண்டும் ஆணியும் சான்றுகளே ஆகும்.