செந்தளிரும் செம்பழுப்பும்

குலசேகரன்பட்டினத்தில் புதுவீடு கட்டி முடிப்பவர், முகப்பில் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டால், முன்னாளில் வேம்பு, பூவரசு, வாதுமை, தென்னை என நான்கு விடைகளே கிடைக்கும். இந்நாளில் ஐந்தாவதாக ஒன்றும் பேசப்படுகிறது. கப்பற்பணியிலும் கடல்கடந்த நாடுகளிலும் காலங்கழித்துத் திரும்புவோர், தாம் அங்கே கண்டு வியந்த மேப்பிள் மரத்தை இங்கும் வளர்க்கலாகாதா என வினவுகின்றனர். சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர், தம் வீட்டார் கணினிவழி வாங்கிய விதைப் பொட்டலமொன்றை வகுப்பறைக்கே கொணர்ந்து காட்டினார். அதன் மேலுறையில் வானத்தை ஒத்த நீல இலைகளோடு ஒரு மரம். 'ஜப்பானிய நீல மேப்பிள்' என்று ஒரு பெயர். மூன்று திங்கள் நீரூற்றியும் ஒரு விதையேனும் முளைக்கவில்லை என்பது அவர்தம் முறையீடு. இதனைத் தாவரவியல் துறைக்குக் கொண்டு செல்லாமல் தமிழ்த்துறைக்குக் கொண்டுவந்தது ஏன் எனக் கேட்டோம். "நீங்கள்தாம் ஐயா, வகுப்பில் தளிரின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள்" என்றார். அவருக்கு அன்று சொன்ன விடையின் விரிவே இக்கட்டுரை.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் நலம். நீல இலை மேப்பிள் என்று ஒன்று உலகில் யாண்டும் இல்லை. அது படத்தில் நிறம் மாற்றி வரைந்த பொய். உண்மையான ஜப்பானிய மேப்பிளின் விதையே பொட்டலத்தில் இருந்திருப்பினும் அது இவ்வெயிலில் முளைத்திராது. அவ்விதை ஈர மணலில், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், ஏறத்தாழ மூன்று திங்கள் கிடந்தாலன்றிக் கண் விழிப்பதில்லை. மேலும், பெயர்பெற்ற வகைகள் யாவும் ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவன. விதையிலிருந்து வரும் கன்று தாய்மரத்தின் நிறத்தை அப்படியே கொண்டு வருவதில்லை. ஆகவே வகைப்பெயரைச் சொல்லி விதை விற்பவர், விற்கும்போதே தவறு செய்கிறார் என்க.

இனி, மெய்யான மரத்தைக் காண்போம். மேப்பிள் குடும்பத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள. பெரும்பாலானவை ஆசியக் கண்டத்தின் குளிர்நாடுகளுக்கு உரியன. நம் நாட்டிலும் இமயமலைச் சாரலில் காசுமீரம் தொடங்கிச் சிக்கிம் வரை இவற்றிற் சில இயல்பாக வளர்கின்றன. காசுமீரத்தின் புகழ்பெற்ற சினார் மரத்தை மேப்பிள் என்று கருதுவோர் பலர். இலை ஒத்திருப்பினும் அது வேறு குடும்பம். முகலாயர் போற்றி வளர்த்த அச்சினார்ச் சோலைகளுள் ஒன்றாகிய நசீம் பாக், இன்று காசுமீரப் பல்கலைக்கழக வளாகமாக விளங்குகிறது.

மேப்பிள்களுள் தோட்டத்திற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்டது ஜப்பானிய மேப்பிள். விரித்த உள்ளங்கை போன்ற இலை. ஐந்தாகவோ ஏழாகவோ சிலவற்றில் ஒன்பதாகவோ பிரிந்திருக்கும். ஜப்பானியர் இவ்வினத்தை 'கயேதே' என்பர். தவளையின் கை என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து அது பிறந்தது என்பது அவர்தம் சொல்லாராய்ச்சி. அது செந்நிறம் கொண்ட நிலையில் 'மொமிஜி' எனப்படும். செவ்விலை காண மலைக்குச் செல்வதை 'வேட்டை' என்னும் சொல்லோடு சேர்த்தே அவர்கள் வழங்குவது நம் கவனத்திற்குரியது. ஐரோப்பியருக்கு இம்மரத்தை அறிவியல் முறையில் அறிமுகம் செய்தவர் துன்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவர். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 1775, 1776 ஆம் ஆண்டுகளில் நாகசாகியில் இருந்த அவர், 1784இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். அதே கம்பெனிதான் நம் தூத்துக்குடியிலும் முத்தும் துணியும் வாங்கி விற்றது. முத்து போன வழியில் மேப்பிள் வரவில்லை, வந்திருந்தாலும் வாழ்ந்திராது.

இன்று ஜப்பானிய மேப்பிளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்பு வகைகள் எண்ணப்படுகின்றன. 'பிளட்குட்' என்பது வேனில் முழுவதும் கருஞ்சிவப்பாகவே நிற்கும். 'ஒசாகாசுகி' கோடையில் வெறும் பச்சை. ஆனால் உதிருமுன் அது கொள்ளும் சிவப்புக்கு இணையில்லை என்பர். 'சாங்கோகாக்கு' என்பதன் பெயரிலுள்ள 'சாங்கோ' பவளத்தைக் குறிக்கும். இலையெல்லாம் உதிர்ந்தபின் அதன் இளங்கிளைகள் பனிக்கிடையே பவளக்கொடி போல் சிவந்து நிற்பதே அப்பெயருக்குக் காரணம். மன்னார் வளைகுடாவின் கரையில் வாழும் நமக்கு இப்பெயரை விளக்க வேண்டா. நூல்நூலாகக் கிழித்தாற்போன்ற இலையுடன் குடைபோலக் கவிந்து வளரும் வகைகளும் உண்டு. அவை ஆளுயரத்தைத் தாண்டப் பல்லாண்டுகள் ஆகும். பிற இனங்களுள், 1901இல் வில்சன் என்பார் சீனத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொணர்ந்த ஒன்று, இலவங்கப்பட்டை நிறத்தில் தாள்தாளாய் உரியும் பட்டைக்காகவே வளர்க்கப்படுகிறது. தொராண்டோ நகரத்துத் தமிழர் தம் தெருக்களில் காணும் கருஞ்சிவப்பு மரங்களிற் பல, நார்வே மேப்பிளின் 'கிரிம்சன் கிங்' என்னும் வகையாம்.

கனடா என்றவுடன் நினைவுக்கு வருவது 1965 பிப்ரவரி 15 அன்று ஏற்றப்பட்ட மேப்பிள் இலைக் கொடி. அந்நாட்டுச் சர்க்கரை மேப்பிளின் சாற்றில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. நாற்பது குடம் காய்ச்சினால் ஒரு குடம் பாகு. நம் உடன்குடிப் பனையின் பதநீரிலோ இனிப்பு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையொன்று குலசேகரன்பட்டினத்தில் இயங்கியதும், அதனையொட்டித் திருச்செந்தூரிலிருந்து இவ்வழியே ஒரு சிறு இரயில் ஓடி 1940இல் நின்றுபோனதும் இளைய தலைமுறை அறியாதவை. பனை அழகுமரம் அன்று என்று எவரோ சொல்லிவிட்டதால் அதனை வெட்டிவிட்டு மேப்பிளுக்குக் குழி தோண்டுகிறோம்! இது நிற்க.

மேப்பிள் ஏன் சிவக்கிறது? இலை பச்சையாகத் தோன்றக் காரணம் அதிலுள்ள பச்சையம். குளிர்நாடுகளில் பகல் குறுகத் தொடங்கியதும் மரம் வரவிருக்கும் பனிக்காலத்தை உணர்கிறது. இலையிலுள்ள சத்துகளைக் கிளைக்கு மீட்டுக்கொள்கிறது, பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளிப்படுகின்றன. மஞ்சள் புதிதாய் வருவதன்று, இருந்தது தெரிவதே. சிவப்போ அவ்வாறன்று. இலைக்காம்பின் அடியில் தடுப்பொன்று உருவாக, இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி புதிதாகவே ஆக்கப்படுகிறது. பகலில் தெளிந்த வெயிலும், இரவில் உறையாத குளிரும் அமைந்தால் நிறம் சுடர்விடும். சாகப்போகும் இலைக்காக மரம் ஏன் இவ்வளவு செலவு செய்கிறது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. சத்துகளை மீட்கும் வரையில் இலையை வெயிலின் கொடுமையிலிருந்து காக்கும் திரை அது என்பாரின் கருத்தே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இக்கணக்கில் நம்மூர் எங்கே நிற்கிறது? கியோத்தோ நகரம் வட அட்சம் 35 பாகை. அங்கே நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே நாலரை மணி நேரத்திற்கு மேல் வேறுபாடு. குலசேகரன்பட்டினம் எட்டரைப் பாகைக்குச் சற்றுக் கீழே; இங்கே அவ்வேறுபாடு ஒரு மணி நேரமே. மார்கழி இரவிலும் வெப்பம் இருபது பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. குளிர்காலம் வந்தது என்று மரத்துக்குச் சொல்வார் எவருமில்லை. உறங்காத மரம் விழிப்பதெங்ஙனம்? போதாக்குறைக்கு உப்புக்காற்று, ஆனி ஆடியில் மேல்காற்று, ஈரம் தங்காத தேரி மணல். இங்கிலாந்தின் வெயிலுக்கே ஓரம் கருகும் மெல்லிலை இங்கு எத்தனை நாள் தாங்கும்? உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிரின் ஒரு பங்கேனும் கிடைக்கும்; பகல் குறுகுதல் அங்கும் கிடையாது. இன்னுமொரு வியப்பு: மேப்பிள் இனங்களுள் ஒன்று மட்டும் தெற்கே நகர்ந்து சுமத்திரா, சாவக மலைகள்வரை சென்றிருக்கிறது. அதன் இலை பிளவுபடாதது. பெரும்பாலும் பசுமை மாறாதது. நடுக்கோட்டை நெருங்கிய மேப்பிள் தன் கைவிரல்களையும் செம்மையையும் விட்டுவிட்டே வாழ்கிறது.

இங்கேதான் தமிழாசிரியனுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தொல்காப்பிய மரபியல், மரத்துக்குரிய உறுப்புப் பெயர்களை அடுக்குமிடத்தில் இலையோடு தளிர், முறி, குழை என இளமை நிலைக்கு உரியவற்றையும் வைக்கிறது. அப்பட்டியலில் உதிரும் இலைக்கென ஒரு சொல் இல்லை. பழுப்பு, சருகு என்னும் சொற்கள் நம்மிடம் உண்டு. எனினும் புலவர் கண் சென்று தங்கியது தளிரில்தான். தலைவியின் மேனி நிறமாகிய மாமையை மாந்தளிரின் நிறம் என்று விளக்குவது உரைமரபு. பிரிவில் அந்நிறம் அழிந்து பரவுவது பசலை, அது பொன்மஞ்சள். அதாவது, நம் மரபில் செம்மை உயிர்ப்பின் நிறம், மஞ்சள் இழப்பின் நிறம். ஜப்பானியர் மரபில் செம்மையே பிரிவின் நிறம்.

இது கற்பனை வேறுபாடன்று, நிலவேறுபாடு. வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் அதே ஆந்தோசயனின் இலை பிறக்கும்போது தோன்றுகிறது. மாவும் புங்கும் அரசும் இலுப்பையும் செம்பு நிறத்தில் துளிர்த்துப் பின்னரே பச்சையாகின்றன. பச்சையம் நிரம்பாத மென்தளிரைக் கடும்வெயிலிலிருந்து காப்பதும் புழுபூச்சிகளின் நாட்டத்தைக் குறைப்பதும் இதன் பயன் என்பர். பொருநையின் தலைநிலமாகிய களக்காடு, முண்டந்துறை மலைகளில் நாங்கு மரம் தளிர்க்கும் காலத்தில் பார்த்தவர், செவ்விலை காணக் கியோத்தோ செல்ல வேண்டும் என்று சொல்லமாட்டார்.

பள்ளி நூல்களில் 'இலையுதிர்காலம்' என்று ஒரு பருவத்தைப் படிக்கிறோம். நம் ஆறு பெரும்பொழுதுகளுள் அப்பெயரில் ஒன்று இல்லை. கியோத்தோவில் மேப்பிள் சிவக்கும் கார்த்திகையில் நம்மூரில் மழை பெய்துகொண்டிருக்கும். நம் வேம்பு உதிர்வது மாசி, பங்குனியில். உதிர்ந்த கையோடு செங்கொழுந்து விடும். மொழிபெயர்ப்பில் வந்த பருவத்தை மனப்பாடம் செய்த மாணவர், வாசலில் நிற்கும் வேம்பு எப்போது இலை மாற்றுகிறது என்று கேட்டால் விழிக்கிறார். நம் வருத்தம் இதுவே. விதைப் பொட்டலத்திற்குப் போன பணம் அன்று.

ஒரு நிலத்தை மற்றொரு நிலத்தில் நட்டுக் காட்டியவர் நம் உமறுப்புலவர். சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது மருதத்தின் வயலையும் வாவியையும் சோலையையும் அங்கே கொண்டுசென்று வளர்த்தார். பாட்டில் அது இயலும். கேட்போர்க்குத் தம் ஊரைக் கொண்டே நபியின் ஊரை நெருக்கமாக்கும் நன்னோக்கம் அது. தேரி மணலில் அது இயலாது.

அப்படியாயின் குலசேகரன்பட்டினத்து முற்றத்தில் செவ்விலை வேண்டுவோர் செய்யத்தக்கது யாது? வாதுமை இருக்கிறதே! மக்கள் வாதாங்கொட்டை மரம் என்பது இதனையே. குளிரைக் கேளாமல், மேப்பிள் கொள்ளும் அதே வகை நிறமியால், உள்ளங்கை இரண்டளவு இலை முழுவதும் குருதிச் சிவப்பாகி உதிரும். சில மரங்களில் ஆண்டுக்கு இருமுறையும் இது நிகழும். அடுக்கடுக்காய்க் கிளை விரிப்பதே ஓர் அழகு. உப்புக்காற்றுக்கு அஞ்சாதது, கடலில் மிதந்து கரைசேரும் கொட்டையிலிருந்து பரவிய மரமல்லவா? பள்ளிவாசல் முற்றத்து வாதுமையின் கீழ் அசர் தொழுகைக்குப் பின் சிறுவர் கல்லால் கொட்டை உடைத்ததும், குப்பை பெருக்கி மாளவில்லை என்று மோதினார் கடிந்ததும் நம் இளமை நினைவுகள். அக்குப்பையைத்தான் ஜப்பானியர் வேட்டைக்குச் சென்று காண்கின்றனர்!

கடலோர வீட்டுக்கு வாதுமையும் பூவரசும் புங்கும் ஏற்றவை. பூவரசின் பூ காலையில் மஞ்சளாய் மலர்ந்து மாலையில் செவ்வண்ணம் பெறுவதையும் கருதுக. மா உப்புக்காற்றைத் தாங்காது. வீட்டின் மறைவில், மேற்குப்புறம் வைத்தல் தகும். அசோகுக்கு நிழலும் நீரும் வேண்டும். அது பாபநாசம், திருவைகுண்டம் போன்ற ஆற்றங்கரை ஊர்களுக்கு உரியது. நெட்டிலிங்கத்தை அசோகு என்று விற்பாரிடம் ஏமாற வேண்டா. தேரி மணலாயின் மூன்றடிச் சதுரக் குழி தோண்டிக் குளத்து வண்டலும் மட்கிய எருவும் பாதிக்குப் பாதி நிரப்பி, புரட்டாசிக் கடைசியில் நட்டால் அடைமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். வாதுமையைச் சுவரிலிருந்து இருபதடியேனும் தள்ளி வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலாகக் கிளை செல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாணவரின் வீட்டில் சென்ற ஐப்பசியில் ஒரு கன்று வைத்தோம். இதுவரை பதினொரு இலைகள், ஒன்று சிவந்திருக்கிறது.