தூசியால் தும்மல், லூப்பஸ்: இரண்டிலும் ஒரே 'அலாரமா'?

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் காலையில் எழுந்ததுமே வரிசையா தும்முறீங்களா? கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று, மெத்தையில் வாழும் தூசிப்பூச்சிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களுக்குத்தான் ஒத்துக்காது.

ஏன் அப்படி?

கிருமி நுழைந்தால் முதலில் மோப்பம் பிடிப்பவை, நம் செல்களில் உள்ள 'டோல்' வகை ஏற்பிகள். இந்த முதல்நிலைப் பாதுகாப்பை விளக்கிய புரூஸ் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும் 2011 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தூசிப்பூச்சியின் ஒரு புரதம், டிஎல்ஆர்4 ஏற்பிக்குத் துணை நிற்கும் நம் புரதத்தைப் போலவே வேலை செய்வது 2009-இல் தெரியவந்தது. அதனால் கொஞ்சம் பாக்டீரியா எச்சம் இருந்தாலே அலாரம் அலறும்.

லூப்பஸ் எப்படி?

இது அலர்ஜி இல்லை. எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குவது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. வைரஸின் ஆர்என்ஏ-வைக் கண்காணிக்கும் டிஎல்ஆர்7 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் லூப்பஸ் வரலாம் என்பதை, 2022-இல் ஸ்பெயின் சிறுமி ஒருவரின் மரபணு காட்டியது.

மருந்து இருக்கா?

லூப்பஸுக்குப் பல காலமாகத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், இந்த ஏற்பிகளின் சத்தத்தையும் குறைக்கிறது. டிஎல்ஆர்7, 8 இரண்டை மட்டும் குறிவைக்கும் எனபடோரன் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. அலாரத்தை முழுசா அணைத்தால் நிஜக் கிருமி வரும்போது என்ன செய்வது? அதுதான் சவால்.

இப்போதைக்கு, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். லூப்பஸ் மாத்திரையை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்திடாதீங்க.