அத்தாப்புக் கூரையில் ஏறிய தீ

கோலாலம்பூருக்குத் தாய்வீடு அம்பாங்தான். 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி, காட்டுவழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஈயம் தேடி வந்தவர்களில் 69 பேரை ஒரே மாதத்தில் மலேரியா கொண்டுபோயிற்று. ஆனாலும் லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், நிலைத்தது. லம்பத்துக்குச் சாமான் ஏற்றி இறக்கிய ஆற்றுமுகத்தில் கடைகள் முளைத்தன; கடைகள் பெருகி ஊரானது. பலகைச் சுவர், மேலே அத்தாப்பு, நெருக்கமான சந்து. 1881 ஜனவரியில் அந்த ஊர் எரிந்து போனது.

பலகை ஊரில் தீ ஏன் அவ்வளவு வேகமாகப் பரவும்? ஒரு தீக்குச்சியே சொல்லிவிடும். கொளுத்திய தலையைக் கீழே பார்க்கப் பிடியுங்கள். நொடியில் விரலைச் சுடும். தலை மேலே இருக்கப் பிடித்தால் தீ தயங்கித் தயங்கித்தான் இறங்கும், பாதியில் அணைந்தும் போகும். சூடான வாயு விரிந்து லேசாகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த காற்று கனமானது. அது அடியில் புகுந்து சூட்டை மேலே தள்ளுகிறது. சுடருக்குக் கூர்முனை தருவதும் இந்தத் தள்ளல்தான். எடையே தெரியாத விண்வெளி நிலையத்தில் சுடருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அங்கே அது மங்கிய நீல உருண்டை.

அடியில் பற்றிய பலகை, தனக்கு மேலிருக்கும் பலகையை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. மரம் சூடேறினால் எரியக்கூடிய ஆவி கிளம்பும். எரிவது பெரும்பாலும் அந்த ஆவிதான். ஆகவே சுவர் ஏறும் தீ போகப்போக வேகம் பிடிக்கும். கூரையில் முட்டியதும் பக்கவாட்டில் பரவும். அத்தாப்போ காய்ந்த ஓலை. கூரை பிளந்ததும் கங்குகள் சூட்டோடு மேலேறி, காற்றில் மிதந்து, அடுத்த வீட்டு ஓலையில் இறங்கும். சந்து குறுக்கே கிடந்தும் பயனில்லை.

1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் இனி செங்கல் சுவர், ஓட்டுக் கூரை என்றார். சீனர் தலைவர் யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்டார். சூளைகள் இருந்த பகுதிதான் பிரிக்ஃபீல்ட்ஸ். நம்மவர்களுக்கு அது ரயில்வே குவார்ட்டர்ஸ், பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு. ஊர் எரிந்த கதையை அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஓடும் செங்கல்லும் சுவரையும் கூரையையும் காத்தன. மாடிப்படிக் கூண்டு வேறு சங்கதி. அடுக்குமாடியில் அது நேர்க்குத்தாய் நிற்கும் புகைபோக்கி; கீழ்த்தளத்துப் புகை மேல்தளத்துக்கு ஏறும் குறுக்குவழி. அதைத் தடுக்கத்தான் படிவாசலில் தானே சாத்திக்கொள்ளும் கனத்த கதவு. வேர்க்கிறது என்று அதற்குக் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறோம். காற்று வாங்கும் அதே வழியில்தான் புகையும் வரும். வந்தால் முதலில் கூரையடியைத்தான் நிரப்பும். மூச்சுவிடக் கொஞ்சம் காற்று தரையோரம் மிஞ்சும். புகைக்குள் போயே ஆகவேண்டுமென்றால் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து போங்கள். லிஃப்ட் வேண்டாம். வெளியே வந்ததும் 999க்கு அழையுங்கள், பொம்பா வரட்டும்.

(தொடரும்)