வெனிசு நகரின் கொண்டோலாவும் அதனைச் செலுத்துவோரும்

தெருக்கள் இருக்கவேண்டிய இடத்தில் நீர்வழிகளைக் கொண்ட நகரம் வெனிசு. இத்தாலி நாட்டின் வடகிழக்கே, அத்திரியாற்றிக் கடலை ஒட்டிய ஆழங்குறைந்த கடனீரேரியொன்றின் நடுவில், நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மீது அஃது அமைந்துள்ளது. பாண்டிநாட்டையும் இலங்கையையும் பற்றித் தமது பயண வரலாற்றிலே குறித்துச் சென்ற மார்க்கோ போலோ இந்நகரத்தவரே. நெடுங்கடலைக் கடந்து வாணிகஞ் செய்த வெனிசு மக்கள், அயலிலுள்ள வீட்டுக்குச் செல்வதற்கும் படகையே நம்பி வாழ்ந்தனர். அவர்களுடைய படகுகள் பல வகையின. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்றது கொண்டோலா.

ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் கொண்டோலாவைக் கண்டோர் அதன் கருநிறத்தையும் மெல்லிய வடிவையும் வியப்பர். ஆயின், அதனை மேலிருந்து நோக்குவோர்க்கு மற்றுமொரு புதுமை புலனாகும். அப்படகு கோணலானது. அதன் இடப்பாதி வலப்பாதியினும் ஏறக்குறைய 24 சதமமீற்றர் அகலங் கூடியது. கைதேர்ந்த தச்சர் ஒரு படகைக் கோணலாகச் செய்வானேன்? இவ்வினாவுக்கு விடை காணின், அப்படகின் இயல்பும் அதனைச் செலுத்துவோரின் வாழ்வும் ஒருங்கே விளங்கும்.

கொண்டோலா என்னும் பெயர், வித்தாலே ஃபலியேர் என்னும் நகரத் தலைவர் 1094ஆம் ஆண்டில் விடுத்த ஆணையொன்றிலே காணப்படுகின்றது. ஆனால், அக்காலத்துப் படகு இன்றைய வடிவினது அன்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கர்ப்பாச்சியோ என்னும் ஓவியர் வரைந்த படமொன்றில், ரியால்தோப் பாலத்தருகே செல்லும் கொண்டோலாக்கள் தோன்றுகின்றன. அவை இக்காலத்தனவற்றினும் குறுகியன. பல நிற அணிகளை உடையன. செல்வக் குடும்பத்தினர் ஒருவரோடொருவர் போட்டியிட்டுத் தத்தம் படகுகளைப் பட்டாலும் பொன்னாலும் அலங்கரிக்கலாயினர். இவ்வீண்செலவைத் தடுத்தற்பொருட்டு 16ஆம் நூற்றாண்டில் அரசு சட்டங்கள் இயற்றியது. கொண்டோலாவின் கருநிறம் துயரத்தின் அடையாளம் என்று சிலர் கருதுவது பொருந்தாது. ஆடம்பரத்தை அடக்கிய சட்டங்களின் எச்சமே அது.

அந்நாளில் பிரபுக்களின் கொண்டோலாவை முன்னொருவரும் பின்னொருவருமாக இருவர் செலுத்துவது வழக்கம். 1797ஆம் ஆண்டில் நெப்போலியனின் படைகளுக்கு வெனிசுக் குடியரசு பணிந்தது. அதன்பின் பழைய குடும்பங்கள் பல வறுமையுற்றன. இருவருக்குக் கூலி கொடுக்க வல்லார் அருகினர். முன்பு இருவர் செய்த தொழிலை ஒருவரே செய்ய வேண்டிய நிலை வந்தது. படகின் வடிவத்தை மாற்றியது இத்தேவையே.

இதன் பொருத்தத்தைச் சிறிது விளக்குவாம். படகோட்டி பின்புறத்தே இடப்பக்கமாக நின்று, முன்னோக்கியவாறு, வலப்பக்கத்தில் ஒரே துடுப்பைக் கொண்டு வலிக்கின்றார். ஒரு பக்கத்திலே மட்டும் வலித்தால் படகு நேரே செல்லாது. ஒவ்வொரு வலிப்புக்கும் அதன் அணியம் இடப்புறமாகத் திரும்பும். இதனைத் திருத்தும் வழிகள் இரண்டு. முதலாவது, படகோட்டியின் கைத்திறன். துடுப்பை முன்னுக்கு மீட்கும்போது அவர் அதனை நீரினின்றும் எடுத்துவிடாது, அலகைச் சாய்த்து நீருள்ளேயே அழுத்திக்கொண்டு வருவார். அவ்வழுத்தம் அணியத்தை மீண்டும் வலப்புறம் திருப்பும். இரண்டாவது, படகின் கோணல். இடப்புறம் அகன்றிருத்தலால் வெறும் படகு வலப்புறமாகச் சாய்ந்து மிதக்கும். செல்லும்போது தானாகவே வலப்புறம் வளைய முற்படும். துடுப்பு இடப்புறம் தள்ள, உடல் வலப்புறம் இழுக்க, இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யப் படகு நேரே செல்கின்றது. நேராகச் செல்லுதற்பொருட்டே அது கோணலாகச் செய்யப்பட்டது. 1884ஆம் ஆண்டில் தமது படகுத் தொழிற்சாலையைத் தொடங்கிய தொமேனிக்கோ திராமொந்தின் என்னும் தச்சரே இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தியவர் என்பர்.

துடுப்புத் தாங்கியும் கருதத்தக்கது. ஃபோர்க்கொலா எனப்படும் அஃது, வால்நட் மரத்தின் ஒரே துண்டிற் செதுக்கப்படுவது. அதன் வளைவுகளும் பள்ளங்களும் அழகுக்காக அமைந்தன அல்ல. மெல்லச் செல்லல், விரைந்து செல்லல், திரும்பல், பின்வாங்கல், நிற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் துடுப்பை ஊன்றுதற்கு அதிலே தனித்தனி இடமுண்டு. துடுப்பைக் கட்டாது விடுவதால், கணப்பொழுதில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அதனை மாற்றலாம். படகோட்டியின் உயரத்துக்கும் வலிக்கும் முறைக்கும் ஏற்ப இதனைச் செதுக்குவர். அணியத்திலே நிற்கும் சீப்புப் போன்ற இரும்பு, பின்னே நிற்பவரின் பாரத்துக்கு ஈடாக அமைந்தது. முன்னோக்கிய அதன் ஆறு பற்களும் நகரின் ஆறு வட்டாரங்களையும், பின்னோக்கிய ஒன்று ஜூதெக்காத் தீவையும் குறிப்பனவென்று நகர மக்கள் பொருள் கூறுவர்.

ஏறத்தாழ 11 மீற்றர் நீளமுள்ள இப்படகு 280 துண்டுகளாலானது. ஓக்கு, வால்நட், செரி, மகோகனி முதலிய எட்டுவகை மரங்கள் அதற்கு வேண்டப்படுகின்றன. ஒருபுறம் நாணற்றீயாற் சூடாக்கியும் மறுபுறம் நீரால் நனைத்தும் பலகையை வளைப்பர். படகு கட்டுமிடம் ஸ்குவேரோ எனப்படும். முற்காலத்திற் பலவாயிருந்த இவை இன்று மிகச் சிலவே. சான் துரோவாசோவிலுள்ள பழைய ஸ்குவேரோ, மலைநாட்டு மரவீடு போலத் தோன்றும். மரமும் தச்சரும் வடக்கேயுள்ள மலைப்பகுதிகளிலிருந்து வந்தமையே அதற்குக் காரணம் என்ப.

இனி, செலுத்துவோரைப் பற்றிக் கூறுவாம். குடியரசுக் காலத்தில் அவர்கள் இருவகையினர். ஒரு வகையினர் பிரபுக்களின் வீடுகளிற் பணிபுரிந்தனர். மற்றையோர் துறைகளில் நின்று மக்களை ஏற்றி இறக்கினர். துறைதோறும் அவர்களுக்குச் சங்கமும், எழுதப்பட்ட விதிநூலும் இருந்தன. முறை தவறாது படகை விடுதல், கூலியை வரையறுத்தல், நோயுற்ற உறுப்பினர்க்கு உதவுதல் ஆகியவற்றைச் சங்கம் கவனித்தது. குடியரசின் வீழ்ச்சிக்குப்பின் அச்சங்கங்கள் கலைக்கப்பட்டன. எனினும், துறைகளின் ஒழுங்கு முற்றாக அழியவில்லை. ஏறக்குறைய 3.8 கிலோமீற்றர் நீளமான பெருங்கால்வாய்க்குக் குறுக்கே இன்றும் நான்கு பாலங்களே உள. ஆதலால் சில துறைகளில், இருவர் செலுத்தும் பெரிய கொண்டோலாக்கள் சிறுகூலிக்கு மக்களை அக்கரை சேர்க்கின்றன.

இத்தொழிலுக்கு இன்று உரிமம் பெற்றோர் நானூற்றுக்குச் சிறிது மேற்பட்டோரே. தந்தையிடமிருந்து மைந்தன் கற்ற இக்கலைக்கு இப்பொழுது பயிற்சியும் தேர்வும் உண்டு. துடுப்பு வலித்தலோடு பிறமொழியும் நகர வரலாறும் அறிந்திருத்தல் வேண்டும். ஆடவர்க்கே உரியதாயிருந்த இத்தொழிலில், 2010ஆம் ஆண்டில் ஜோர்ஜா பொஸ்கொலோ என்னும் பெண் முதன்முதலாக உரிமம் பெற்றார். பெண்கள் துடுப்பு வலித்தல் அந்நகரில் புதிதன்று. 1493ஆம் ஆண்டில் மிலான் நகரத்துப் பெயாத்திரிசே தெஸ்தே வந்திருந்தபோது, அவரை மகிழ்விக்கப் பெண்களின் படகுப் போட்டி நடத்தப்பட்டது.

1881ஆம் ஆண்டில் பெருங்கால்வாயில் நீராவிப் படகுச் சேவை தொடங்கியது. தம் பிழைப்பு அழியுமென்று அஞ்சிய படகோட்டிகள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆயினும் இயந்திரமே வென்றது. மக்கள் அதில் ஏறினர். கொண்டோலா காலப்போக்கில் சுற்றுலாப் பயணிகளின் வாகனமாயிற்று. இயந்திரத்தால் விளைந்த தீங்கு இதனோடு நிற்கவில்லை. விரைந்து செல்லும் படகுகள் எழுப்பும் அலைகள் கரையோரக் கட்டடங்களின் அடிவாரத்தை அரிக்கின்றன. நின்றவாறு வலிப்போரை நிலைகுலையச் செய்கின்றன. துடுப்புப் படகு தனது நீரை இழந்தது எனலாம்.

இதனைக் கண்டித்து 1975ஆம் ஆண்டில் நகர மக்கள் ‘வோகலோங்கா’ என்னும் நெடும் படகோட்டத்தைத் தொடங்கினர். ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்தைத் துடுப்பினால் மட்டும் கடக்கும் இதில் வெற்றி தோல்வி இல்லை. கூலிக்குப் படகு விடாத ஆசிரியரும் வணிகரும் தொழிலாளரும் இதில் துடுப்பெடுத்தனர். இதன் பின்னர் நகரிலே படகோட்டும் கழகங்கள் பெருகின. சாந்தொலோ, மஸ்கரேத்தா முதலிய வேறு படகுகளும் அவற்றாற் பேணப்படுகின்றன.

எனினும் கவலைக்கிடமானது ஒன்றுண்டு. 1951ஆம் ஆண்டில் ஏறக்குறைய 175,000 பேர் வாழ்ந்த தீவு நகரில், 2022ஆம் ஆண்டளவில் 50,000க்குங் குறைந்தோரே எஞ்சினர். பார்க்க வருவோர் பெருகுகின்றனர், வாழ்வோர் அருகுகின்றனர். வருவோர் தரும் கூலியால் கொண்டோலா நிலைபெறலாம். ஆனால் அதனைக் கட்டும் தச்சரும், ஃபோர்க்கொலா செதுக்குவோரும், கால்வாய் மூலைகளில் குரலெழுப்பித் திரும்பும் படகோட்டியும், துடுப்பெடுக்கும் சிறுவரும் அந்நகரிலேயே வாழ்ந்தாலன்றி அக்கலை உயிருடன் இராது. வாழ்க்கைத் தேவையொன்றே அப்படகை வளைத்துச் செம்மை செய்தது. அவ்வாழ்க்கை அங்கே நீடிக்குமளவுமே கொண்டோலா காட்சிப் பொருளாகாது படகாக இருக்கும்.