வேளாண்மைச் சர்வகலாசாலையில் இடம் பெறுதல்
(வல்லக்கோட்டைப் பகுதிக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டியவை)

காஞ்சிபுரம் ஜில்லா ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவிலுள்ள வல்லக்கோட்டை, முருகப்பெருமான் கோயிலால் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற கிராமமாகும். ஏரிப் பாசனத்தையும் வடகிழக்குப் பருவ மழையையும் நம்பிச் சம்பா நெல் விளைவித்து வந்த இப்பகுதியின் நிலைமை சென்ற முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் 2010 முதல் ஒரகடத்திலும், சில ஆண்டுகள் கழித்து வல்லம் வடகாலிலும் பெருந்தொழிற்சாலைகள் எழும்பின. நிலத்தின் விலை ஏறிற்று; நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எஞ்சியுள்ள நன்செய்யை விற்றுவிடுவதா, வைத்துக்கொண்டு பயிரிடுவதா என்பதே இன்று பல குடும்பங்களில் நடைபெறும் ஆலோசனை.

இந்த ஆலோசனையில் வீட்டுப் பிள்ளையின் படிப்பும் கலந்து நிற்கின்றது. ஆள் குறைந்த காலத்தில் நிலத்தை நடத்துவதற்கு இயந்திர நடவு, நேரடி விதைப்பு, மண் பரிசோதனை, நீர்ச் சிக்கனம் ஆகியவற்றை முறையாகக் கற்றவர் வீட்டில் ஒருவராவது இருத்தல் நலம். ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த குமாரனையோ குமாரத்தியையோ வேளாண்மைச் சர்வகலாசாலையில் சேர்க்க விரும்பும் குடியானவர்கள் அதன் வழியைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியம். வழி அறியாமையால் தகுதியுள்ள பிள்ளைகள் இடத்தை இழப்பதும், தரகர் பேச்சை நம்பிப் பெற்றோர் பொருளை இழப்பதும் வருந்தத்தக்க விஷயங்களாகும்.

சர்வகலாசாலையின் வரலாறு

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நமக்கு அந்நியமானதன்று. 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய விவசாயப் பள்ளியையே அது தனது தொடக்கமாகக் கூறுகின்றது. சைதாப்பேட்டை அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. வல்லக்கோட்டையும் அதே ஜில்லாவில் இருந்தது. எனவே இக்கல்வியின் வித்து முதலில் நமது ஜில்லாவிலேயே ஊன்றப்பட்டதென்று கூறலாம். 1906-இல் அப்பள்ளி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுக் கலாசாலையாயிற்று. 1920-இல் சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டது. 1971 ஜூன் 1-ஆம் தேதி தனிச் சர்வகலாசாலையாக ஏற்படுத்தப்பட்டது. உலகப் புகழ் பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் 1944-இல் வேளாண்மைப் பட்டம் பெற்றது இக்கோயம்புத்தூர்க் கலாசாலையிலேயாம்.

மதுரை, கிள்ளிகுளம், திருச்சிராப்பள்ளி, பெரியகுளம், மேட்டுப்பாளையம் முதலிய இடங்களிலும் இதன் கலாசாலைகள் நடைபெறுகின்றன. நமது வட ஜில்லாக்களுக்கு அருகிலுள்ளது திருவண்ணாமலை ஜில்லா வாழவச்சனூரிலுள்ள கலாசாலை. வேளாண்மை மட்டுமின்றித் தோட்டக்கலை, வனவியல், பட்டுப்புழு வளர்ப்பு, வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம் முதலிய பட்டப் படிப்புகளும் உண்டு. படிப்புக் காலம் நான்கு ஆண்டுகள். மாணாக்கர் கிராமத்திலேயே தங்கிக் குடியானவருடன் பழகிக் கற்கும் பயிற்சியும் அதில் அடங்கும். தமிழ் வழியில் பட்டப் படிப்புக் கற்கும் வசதியும் 2021-இல் ஏற்படுத்தப்பட்டது.

இடம் கிடைக்கும் முறை

முன்பு நடைபெற்ற நுழைவுத் தேர்வு 2007-08 கல்வி ஆண்டு முதல் நீக்கப்பட்டது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசைப் பட்டியல் தயாராகின்றது. நான்கு பாடங்களின் மதிப்பெண்கள் ஒவ்வொன்றும் ஐம்பதுக்குக் குறைக்கப்பட்டு, மொத்தம் இருநூற்றுக்குக் கணக்கிடப்படும். உதாரணமாக, ஒரு மாணவி கணிதத்தில் 82, இயற்பியலில் 88, வேதியியலில் 90, உயிரியலில் 96 பெற்றிருப்பின், அவை முறையே 41, 44, 45, 48 ஆகி, கூட்டுத் தொகை 178 ஆகும். இவ்வெண்ணை வைத்துப் பொதுவரிசையும் அவரவர் வகுப்புக்குரிய வரிசையும் ஏற்படும்.

தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள 69 சதவீத இட ஒதுக்கீடு இங்கும் பொருந்தும். அதாவது பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு அருந்ததியர் உட்பட 18, பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு. இதில் எவ்வகுப்பினரும் மதிப்பெண் வலிமையால் இடம் பெறலாம்.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் காரியம்

இவ்விஷயத்தில் குடியானவர்கள் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாற்று வயலுக்கு வரும் நாளில் நாற்றங்காலை உழத் தொடங்குபவர் எவருமில்லை. ஆயினும் பிள்ளையின் படிப்பில் நம்மில் பலர் அவ்வாறே செய்கிறோம். விண்ணப்பம் கோரும் மாதத்தில்தான் விசாரிக்கத் தொடங்குகிறோம்.

அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்ற மாணாக்கருக்கு, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் முன்னுரிமையாக அளிக்கப்படுகின்றன. இவ்வழியில் சேருவோருடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கின்றது. இது ஏழைக் குடும்பத்திற்குப் பெரும் அனுகூலம். ஆனால், கையில் நாலு காசு சேர்ந்தவுடன் இடையில் ஓராண்டு மட்டும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றி, மறுபடி அரசாங்கப் பள்ளிக்குக் கொண்டுவரும் தகப்பனார், தாமறியாமலே இவ்வுரிமையைக் கைவிட்டவராகிறார். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியில் எட்டு வரை கற்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியிற் கற்றோருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பள்ளி மாற்றுமுன் இதனை ஆலோசித்தல் வேண்டும்.

பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தெரிந்தெடுப்பதும் அத்தகையதே. உயிரியல் அல்லது தாவரவியலும் விலங்கியலும் அடங்கிய பிரிவில் சேராதவருக்கு வேளாண்மைப் பட்டப் படிப்பின் பிரதான வாயில் அடைபட்டுவிடும். தொழிற்பிரிவில் வேளாண்மை கற்றோருக்குத் தனியாகச் சில இடங்கள் உண்டு. எப்பிரிவு எப்படிப்புக்குப் பொருந்துமென்பதைப் பதினோராம் வகுப்பில் சேருமுன்னரே அவ்வாண்டு விளக்கக் குறிப்பைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

அத்தாட்சிப் பத்திரங்கள்

தேர்வு முடிவுகள் பொதுவாக மே மாதத்தில் வெளியாகின்றன. அதனையொட்டியே விண்ணப்பங்களும் இணையவழியாகப் பெறப்படுகின்றன. அந்நாட்களில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் மிகும். ஆகையால் கீழ்க்கண்டவற்றை மாசி, பங்குனி மாதங்களிலேயே தயார் செய்து வைத்தல் நலம்.

1. சாதிச் சான்று. இஃதின்றி ஒதுக்கீட்டைக் கோர இயலாது.

2. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் கற்கப் போகிறவராயின், முதல் பட்டதாரிச் சான்று. இதனால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இது உரியது. அண்ணன் இச்சலுகையைப் பெற்றிருந்தால் தங்கை மீண்டும் கோருதல் கூடாது.

3. 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கோருவோர், ஆறு முதல் பன்னிரண்டு வரை கற்ற ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்தும் பெற்ற படிப்புச் சான்று.

4. வருமானச் சான்று, வெளி மாநிலத்தில் சில வகுப்புகள் கற்றிருப்பின் இருப்பிடச் சான்று.

பள்ளிப் பதிவேடு, ஆதார், சாதிச் சான்று ஆகிய மூன்றிலும் மாணாக்கர் பெயரும் தகப்பனார் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒன்றில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் சரிபார்ப்பின்போது தொல்லை நேரும். பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே இதனைத் திருத்திக்கொள்ளுதல் எளிது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

பரம்பரைக் கர்ணம், முன்சீபு பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபின், அப்பொறுப்புகள் கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தன. இன்று சான்று கோரும் மனு இ-சேவை மையத்தில் தாக்கலானாலும், அதன் முதல் விசாரணை கிராமத்திலேயே நிகழ்கின்றது. அங்கிருந்தே வருவாய் ஆய்வாளருக்கும் தாலுகா அலுவலகத்திற்கும் செல்கின்றது. கிராமத்தில் பத்து நாள் தங்கிய மனு, ஒரு பிள்ளையின் ஓராண்டையே வீணாக்கக் கூடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளைத் தை மாதத்திலேயே குறித்துக்கொண்டு, அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து மனுச் செய்விக்கும் அலுவலர், தம் கிராமத்திற்குச் செய்யும் உபகாரம் சிறிதன்று.

விருப்ப வரிசை

தரவரிசை வெளியானபின், மாணாக்கர் தாம் விரும்பும் கலாசாலையையும் படிப்பையும் வரிசையாகக் குறிக்க வேண்டும். இங்கும் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. “கோயம்புத்தூர் கிடைக்காது, அதை முதலில் எழுதினால் அருகிலுள்ளதும் கைநழுவும்” என்று அஞ்சிச் சிலர் உண்மை விருப்பத்தைக் கீழே தள்ளிவிடுகின்றனர். முறை அவ்வாறன்று. மாணாக்கரின் முறை வரும்போது அவர் எழுதிய வரிசையை மேலிருந்து பார்த்து, அப்போது காலியாயுள்ள முதல் இடமே அளிக்கப்படும். மேலே எழுதியது கிடைக்காவிடில் அடுத்தது பார்க்கப்படுமேயன்றி, அதனால் நஷ்டமில்லை. எனவே மெய்யாக விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும். போதிய எண்ணிக்கையிலும் எழுத வேண்டும். இரண்டு மூன்றோடு நிறுத்திவிட்டவர் இடமின்றித் திரும்ப நேரிடலாம்.

நிலத்தை விற்று இடம் வாங்கலாமா?

இறுதியாக ஒரு வார்த்தை. நமது பகுதியில் நிலத்தின் விலை உயர்ந்திருப்பதால், “சில சென்டுகளை விற்றால் இடம் வாங்கித் தருகிறேன்” என்று அணுகுவோர் இருக்கக்கூடும். சர்வகலாசாலையின் சொந்தக் கலாசாலைகளிலுள்ள இடங்கள் வரிசைப்படியே நிரப்பப்படுவன. அவற்றை விற்க எவருக்கும் அதிகாரமில்லை. இணைப்புப் பெற்ற தனியார் கலாசாலைகளில் நிர்வாக இடங்கள் உண்டு. அவற்றை நாடுவோர் இணைப்பு உண்டா என்பதைச் சர்வகலாசாலையின் பட்டியலில் பார்த்து, கட்டணத்தை எழுத்து மூலமாக அறிந்து, ரசீதுடன் மட்டுமே செலுத்துதல் வேண்டும்.

இடங்கள் குறைவு, விரும்புவோர் மிகுதி. ஆதலால் தகுதியுள்ள பிள்ளைக்கும் இடம் கிடைக்காமற் போகலாம். அப்போது மனந்தளராமல் தோட்டக்கலை முதலிய ஏனைய படிப்புகளையோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பிரிவையோ, இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பையோ ஆலோசிக்கலாம். பட்டம் பெற்றோர் தேர்வாணையத் தேர்வெழுதி வேளாண்மை அலுவலராகலாம். பாங்குகளில் வேளாண்மைக் கள அலுவலராகலாம். சொந்த நிலத்திற்கே திரும்பவும் செய்யலாம்.

ஏரி நிரம்பும் ஆண்டும் உண்டு, நிரம்பாத ஆண்டும் உண்டு. மழையை நம் இச்சைப்படி வருவிக்க இயலாவிடினும், மதகைப் பழுது பார்த்து வைப்பது நம் கையிலுள்ளது. மதிப்பெண் பிள்ளையின் உழைப்பு; பள்ளி, பாடப் பிரிவு, சான்று, விருப்ப வரிசை ஆகிய நான்கும் பெற்றோரும் கிராம உத்தியோகஸ்தரும் கவனிக்க வேண்டியவை. இவற்றைக் காலத்தில் கவனித்து, நிலத்தையும் காத்துப் பிள்ளையையும் கற்பிக்குமாறு நமது குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.