அஞ்சறைப் பெட்டியில் ஓர் அழகு சாதனம்

"வாரினால் கொத்துக் கொத்தாக வருகிறதே!" பிள்ளை பெற்று மூன்று மாதமானதும் பல பெண்மணிகள் கண் கலங்குவார்கள். உடனே நினைவுக்கு வருவது வெந்தயம்.

இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை இரவே ஊறவைத்துக் காலையில் நைஸாக அரையுங்கள். எண்ணெய் ஸ்நானத்தன்று தலையில் தடவி, அரைமணி கழித்துச் சீயக்காய் தேய்த்து அலசுங்கள். வெந்தயத்தின் வழவழப்பு ஒவ்வோர் இழையிலும் மெல்லிய பூச்சாகப் படியும். சிக்கு குறையும், கூந்தல் மிருதுவாகும். மிஞ்சிய விழுதைத் தயிரில் குழைத்து வறண்ட கைகால்களில் பூசலாம். ஆனால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜாக்கிரதை! சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்வதில்லை.

இனி ஓர் உண்மை. மயிர் முளைப்பது தோலுக்கு அடியில். அங்கே ஆகாரம் கொண்டுபோவது ரத்தம், விழுது அல்ல. பிரசவத்துக்குப் பின் உதிர்வது பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே சரியாகிவிடும். அத்துடன் சோர்வும் மூச்சு வாங்கலும் இருந்தால் ரத்த சோகையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

தலைக்கு வெந்தயம் ஊறவைக்கும் அன்றே ஒரு கட்டு வெந்தயக் கீரையும் வாங்கிக் கூட்டு செய்யுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வெறும் சட்டியை வழிக்காமல், உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்!