டோக்கன் காலமும் ஓடிபி காலமும்

எழுபது, எண்பதுகளில் வங்கிக்குப் போவது அரை நாள் வேலை. பணமெடுக்கும் சீட்டைக் கவுன்ட்டரில் நீட்டினால் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று கைக்கு வரும். எழுத்தர் கனத்த பேரேட்டைப் புரட்டிப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டு 'பாஸ்' செய்வார். அதன் பிறகுதான் கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து காசாளர் எண்ணைக் கூப்பிடுவார். உள்ளே இருந்தவர்களுக்கும் சுகமில்லை. பேரேடுகளின் கூட்டல் சில காசுகள் இடித்தாலும், 'டேலி' ஆகும்வரை வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

இவ்வளவு பாடுபட்டவர்கள் கணினியை வாரி அணைத்திருக்க வேண்டும். எதிர்த்தார்கள். அறுபதுகளிலேயே கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள், இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணினியை நிறுவ விடாமல் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். 1984ஆம் ஆண்டைத் தொழிற்சங்கங்கள் கணினிமய எதிர்ப்பு ஆண்டாகவே கடைப்பிடித்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு இளைஞர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், ஆள் குறைக்கும் இயந்திரம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1983இல் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. எந்த இயந்திரம், எத்தனை, எங்கே என்று அதில் வரம்பு இருந்தது. அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான குழு கணினிமயத்துக்கு வழி வகுத்தது. கணினி என்ற பெயரே கசந்த காலம் என்பதால், கிளைகளுக்குள் அது 'பேரேடு பதியும் இயந்திரம்' என்ற பெயரில்தான் நுழைந்தது. புது மருமகளைப் போலத் தயங்கித் தயங்கி வந்தது. வீட்டாருக்கும் பழகிக்கொள்ள நேரம் கிடைத்தது.

பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளை விட்டுச் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. கையில் ஒரு தொகையோடு போனார்கள். அந்த நாற்காலிகள் எல்லாம் திரும்ப நிரம்பவுமில்லை.

இன்று எந்த ஊரில் கணக்கு இருந்தாலும் எந்த ஊரிலும் பணம் எடுக்கலாம். 2016இல் யுபிஐ வந்த பிறகு, டீக்கடைப் பெட்டியே 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று கூவுகிறது. சில்லறைத் தகராறு ஒழிந்தது. இந்த வசதியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால், எழுத்தரின் வேலை மாயமாகிவிடவில்லை. நம் கைக்கு மாறியிருக்கிறது. கணக்கு எண்ணை இருமுறை அடிப்பது, சரிபார்ப்பது, 'பாஸ்' செய்வது எல்லாம் நாமே. ஓர் எண் தவறினால் அலைச்சலும் நமக்கே. விரல் பழகியவர்களுக்கு இது விளையாட்டு. பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தின் முன்னால் ஓய்வூதியப் பெரியவர் ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிச் செருகிக்கொண்டு நிற்பதை எந்தக் கிளையிலும் பார்க்கலாம். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று முன்பின் தெரியாதவரிடம் போனையே நீட்டுகிறார், ஓடிபியும் சேர்த்து.

அன்று ஓர் இயந்திரம் உள்ளே வர, இரு தரப்பும் வரிக்கு வரி வாதாடிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. இன்று வேலை கைமாறியிருப்பது அந்தப் பெரியவருக்கு. அவர் சார்பில் மேசையின் மறுபக்கம் யாரும் உட்காரவில்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைக்கூட அவருக்காக அழுத்தியது பேரன்தான்.